மாலை போட்ட டான்சில்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மேலாளர் இருந்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் ஏசி ரிமோட். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அதைக் குளிர வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்த டான்சில் துண்டை வெதுவெதுப்பான திரவத்தில் உயிரோடு வைத்து, அதிலுள்ள நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞை மூலக்கூறுகளை ஒளிரச் செய்து படமெடுப்பது என் வேலை.

ஒருநாள் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இன்னாப்பா, படம் ஆடிக்கினே கீது?”

“உயிரோட இருக்குது சார். செல்லுங்க நகரத்தான் செய்யும்.”

“பார்ட்டி வந்து பாத்தா இன்னா நெனப்பாங்க?”

நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், சூட்டில் அந்த டான்சில் கறி கெட்டுவிடுமே என்று ஹீட்டரை அணைத்து, ஏசியைக் கூட்டியிருந்தார். துண்டு செத்துப்போயிருந்தது. திரையில் எதுவும் அசையவில்லை.

“இப்ப பாரு, எவ்ளோ நீட்டா கீது!”

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, கீழே ‘உயிருள்ள திசு’ என்று எழுதி, வரவேற்பறையில் மாட்டினார். ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போட்டார். செத்ததே தெரியாமல், செத்தவருக்குச் செய்யவேண்டிய மரியாதையை இவ்வளவு முறையாகச் செய்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.