மாற்றல் பாரம்

பெங்களூர்க் காலேஜ்களையெல்லாம் புதிதாக ஒரே யுனிவர்சிட்டியில் சேர்த்துவிட்டார்கள்; முன்பே படிப்பவர்கள் பழையதிலேயே இருக்கலாம், பாரம் கொடுத்தும் மாறலாம். அந்த ஆபீஸ் ஜன்னலில் மகளின் மாற்றல் பாரத்தோடு நிற்கிறேன்.

"பழைய யுனிவர்சிட்டியிலயே இருந்திருந்தா, உங்க பொண்ணு பெயிலான ஒரு பேப்பர் எழுதினா போதும் பெரியவரே," என்கிறார் கிளார்க். "புதுசுக்கு மாறிட்டீங்க. பழைய மார்க்கு செல்லாது. முதல்லேருந்து படிக்கணும்."

தங்கவயல் சுரங்கத்தில் நான் மூன்று ஷாஃப்ட் குழி மாறி வேலை பார்த்தவன். எங்கே மாற்றினாலும் பழைய சர்வீஸ் கூடவே வரும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

"பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"வேணாம்பான்னுதான் சொன்னா சார். நான்தான் கேக்காம பாரத்துல ரேகை வெச்சேன்."

கிளார்க் பாரத்தைத் திருப்பித் தருகிறார். இது தெரியாமல், அந்த ஒரு பேப்பருக்கு விண்ணப்பம் எழுத, பேனாவில் மை நிரப்பிக்கொண்டு மகள் வாசலில் காத்திருக்கிறாள்.