பதினாறு நிறத்தில் ஒரு வாய்க்கால்

பச்சையில் எனக்குப் பேராசை உண்டு. தஞ்சாவூரில் உட்கார்ந்து டெல்டாவுக்குக் கணினியில் வரைபடம் செய்கிறவளுக்கு அது இல்லாவிட்டால்தான் தப்பு. நாற்றங்காலின் இளம்பச்சை, கதிர் பொதி கட்டிய பயிரின் கரும்பச்சை, மழை ஓய்ந்த மறுநாள் வரப்பில் தெரியும் பச்சை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் எண்ணெய் தடவிய பச்சை. அத்தனையையும் திரையில் கொட்டி வைத்திருந்தேன். எழுந்து நடந்து, திரும்ப வந்து பார்த்து, மறுபடி எழுந்து நடக்கிற அளவுக்கு அழகு.

அந்தப் படம்தான் மதகு திறக்கிற லஸ்கர்களின் கைக்கருவிக்குப் போனது. உள்ளங்கை அளவுத் திரை. வெயிலில் தெளிவாகத் தெரியும், விலையும் மலிவு; ஆனால் பதினாறு நிறத்துக்கு மேல் காட்டாது. நிறத்தைக் குறைக்கிற வேலையை மென்பொருள் பார்த்துக்கொண்டது.

முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியதும், ஒரு காலையில் அக்கா கூப்பிட்டாள். அவளுக்கு வாய்க்கால் முடிகிற கடைமடையில், தோப்புகளுக்கு நடுவே வயல். கதிர் வெளிவருகிற நேரம்; இந்த முறை தண்ணீர் தவறினால் பாதி பதர்தான்.

"உன் படத்துல நாங்க இல்லையாம்டி," என்றாள்.

லஸ்கர் வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அவர் கருவியில் எங்கள் கிளை வாய்க்கால் பாதி வழியில் நின்றுபோகிறது. அதற்கப்பால் ஒரே தென்னை. அக்கா போனை அவரிடமே கொடுத்தாள்.

"படத்துல இல்லாத வாய்க்காலுக்கு நான் எப்படிங்க தண்ணி விடறது? நாளைக்கு என்னையத்தானே கேப்பாங்க?"

மறுநாள் காலை அந்தக் கிளையின் முறை முடிந்து மதகு அடைபடும். கருவிக்குப் போன படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். மென்பொருள் ஓட்டு எண்ணியிருந்தது. யார் அதிக இடத்தில் பரவியிருக்கிறார்களோ அவர்களுக்கே நிறம். தென்னைக்குக் கூட்டம் அதிகம்; பதினாறு நிறத்துக்கான இடங்களில் பெரும்பாலானதைப் பச்சைகளே வாரிக்கொண்டன. மயிரிழை அகல வாய்க்காலுக்கு இடமில்லை. அதையும் பச்சையில் சேர்த்துவிட்டது. எந்த நிறம் என்று முடிவாகாத இடங்களில், உரம் தெளித்ததுபோல் புள்ளிகளை இறைத்திருந்தது. மிச்சமிருந்த நீலமும் அதில் சிதறிப் போயிருந்தது.

அறைக்குள் நடந்தேன். எங்கள் கிளையில் முறை வைத்தால் தலைமடைக்காரர்கள் மடையை அடைத்துக்கொண்டு கடைமடைக்கு முதலில் விடுவார்கள். தலையில் இருப்பவனுக்கு எப்படியும் தண்ணீர் கிடைத்துவிடும். நிறத்துக்கும் அதுவே சட்டம் என்று பட்ட நொடியில் நடை நின்றது.

மென்பொருளின் தேர்வைத் தள்ளிவிட்டு, பதினாறு இடத்தையும் கையால் நிரப்பினேன். முதல் இடம் கடைமடை வாய்க்காலுக்கு, பளிச்சென்ற நீலம். பிறகு ஆறு, மதகு, பாதை, எழுத்து. பச்சைகள் எல்லாம் கடைசியில், நெருக்கியடித்துக்கொண்டு. புள்ளி இறைப்பதை நிறுத்தினேன். படத்தை முதலில் கருவியின் அளவுக்குச் சுருக்கி, அதற்குமேல் வாய்க்காலை ஒரு முழுப் புள்ளி அகலத்துக்கு வரைந்தேன்; இனி அது இளைக்க முடியாது. மழை ஓய்ந்த மறுநாள் பச்சை போயிற்று. போகட்டும். தோப்புகள் எல்லாம் ஒரே பச்சையாயின.

குழந்தை வண்ணம் அடித்ததுபோல் முரட்டுப் படம். ஆனால் நீலம் மதகில் பிறந்து, தோப்பைக் கிழித்து, ஓரிடத்திலும் அறுபடாமல் அக்காவின் வயல்வரை ஓடியது. யாரும் இல்லாத அறையில் நான் குலவையே போட்டுவிட்டேன். கருவிக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வந்த அழைப்பில் அக்காவின் குரலுக்கு முன்பு சலசலப்புதான் கேட்டது. லஸ்கர் படத்தைப் பார்த்ததும் மதகைத் தூக்கிவிட்டு, தண்ணீரின் கூடவே கடைசி மடைவரை நடந்து வந்தாராம்.

"உங்க அத்தானுக்குத்தான் உன்மேல வருத்தம். அவரு தோப்பும் பக்கத்துத் தோப்பும் ஒரே பச்சையா இருக்காம்."

"தண்ணி எவ்வளவு வருது?"

"வாய்க்கால்ல நின்னுதான் பேசுறேன், முழங்காலுக்கு ஓடுது. போனை வைடி, மடையைத் திருப்பணும்."