செனான் விளக்குக்குச் சந்தனப் பொட்டு

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நாங்கள் வீடு மாறியபோது சாமான் ஏற்றி வந்த பிக்கப் வண்டிக்காரர் அவர். சாயம் பூசிய மீசை, தோளில் துண்டு. வண்டிக்குப் புதிதாகக் கண்ணைப் பறிக்கும் செனான் பல்பு போட்டிருந்தார். நிறுத்திய இடத்திலெல்லாம் இறங்கி அந்த விளக்குகளைத் துடைப்பார். முன்கண்ணாடி தூசியோடு கிடக்கும். எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க எல்லோரும் விளக்கின் நடுவில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் அவர் வண்டியில் இல்லை.

இருட்டத் தொடங்கியதும், பரங்கிப்பேட்டை பிரிவுக்கருகே, மனைவியோடு மொபெட்டில் எதிரே வந்த ஒருவர் கண் கூசி வழி தெரியாமல் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். எங்கள் வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

“ஒரு ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதா?” என்றேன்.

“வெளிச்சம் கொறஞ்சி பூடும் சார். எனக்கு ரோடு தெரியுதுல்ல? கண்ணு கூசுறவன் ஓரமா போவட்டும்.”

ஆயுத பூஜைக்கு மறுநாள் கடலூர் கடைத்தெருவில் அதே வண்டியைப் பார்த்தேன். இரண்டு விளக்கின் நடுவிலும் வடை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்.

“இப்ப வெளிச்சம் கொறையலையா?”

“சாமி காரியம் சார். ஜாஸ்தியாதான் வைக்கணும்.”

ஐப்பசி மழைக்கு அந்தச் சந்தனம் கரைந்துவிடக் கூடாதே என்று நானும் சாமியை வேண்டிக்கொண்டேன்.