நடிகை பாடாத ஒப்பாரி

பிரிக்பீல்ட்ஸ் நாடகக் கொட்டகையில், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அந்த நடிகை ஒப்பாரி பாடியபோது ஊரே அழுதது, நானும்தான். அந்த நாடக வசூலில்தான் கிள்ளான் தர்ம ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளின் கட்டில்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் என் மகன் காய்ச்சலோடு கிடந்தான்.

நடிகை பிள்ளைகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நாளன்று, "நாடகத்து அம்மா எப்ப வருவாங்க?" என்று காலையெல்லாம் கேட்டான். வாசலில் அவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது அவன் மூச்சு நின்றது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அவன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"தூங்கட்டும் அக்கா, எழுந்ததும் குடுங்க" என்று உள்ளே வந்த நடிகை என்னிடம் ஆரஞ்சுப் பழத்தை நீட்டி, அவன் நெஞ்சைத் தடவினார். அது அசையவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

அன்றிரவு மேடையில் அவர் ஒப்பாரி பாடவில்லையாம். நாடகத்துப் பிள்ளையின் காலைப் பிடித்தபடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். "பாட்டு எங்கம்மா?" என்று சனங்கள் கத்தினார்களாம்.

அங்கே உட்கார்ந்திருந்தது நான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?