கிராசியேத் அழிக்கச் சொன்ன சைபர்கள்

மீன் டப்பா தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மத்தி மீனின் தலையைக் கிள்ளிப் பிழைத்தவள் கிராசியேத். தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு ஐம்பது வயது. அந்த வயதில் எங்கள் காயலோரத்துப் பெண்கள் மட்டி பொறுக்கப் போவார்கள், இல்லையென்றால் வாசலில் நாற்காலி போட்டு ஊர்வம்பு பேசுவார்கள். இவள் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். "கிழவி ஆக்டோபஸுக்குப் பொண்ணு பாக்கப் போறா" என்று காபிக்கடையில் சிரித்தார்கள். நாலு வருஷத்தில் முக்குளிப்புச் சங்கத்துக்கு அவளே பயிற்சியாளர் ஆனாள். சிரித்தவர்களின் பிள்ளைகள் அவளிடம்தான் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

அப்போதுதான் கடல்குதிரை விவகாரம் வந்தது. காயலின் கிழக்கே, அடியில் கடற்புல் படர்ந்த இடத்தைப் புல்வெளி என்போம். அங்கே இழுவலை போடுவதை அரசு மூன்று வருஷத்துக்கு நிறுத்தி வைத்தது. அந்த மூன்று வருஷமும் கடல்குதிரைகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரிந்தால் புல்வெளியில் இழுவலைக்கு நிரந்தரத் தடை. சரியவில்லை என்றால் படகுகள் பழையபடி போகலாம். எண்ணுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் கிடையாது, தன்னார்வலர்கள்தான். அவர்களைப் பழக்கும் பொறுப்பைக் கிராசியேத்தின் தலையில் கட்டினார்கள். கட்டாவிட்டாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். அந்தப் பிராணிகள் மேல் அவளுக்குப் பைத்தியம்.

பைத்தியம் மட்டுமல்ல, பயமும் இருந்தது. அவை குறைந்துகொண்டே போவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. அவளுடைய அண்ணன் குஸ்தோதியோ இழுவலைப் படகுக்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் மட்டி போட்ட சோளக்கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவன்கூடச் சொன்னான்.

"வலைய நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடியே கடல்குதிரை ஒன்னும் சிக்கல தாயி. முன்னெல்லாம் ஒரு இழுப்புக்குப் பத்து எடுத்து வெளிய வீசுவேன். எல்லாம் தொலைஞ்சுபோச்சு."

"அப்ப நிரந்தரமாவே தடை வரட்டுமே, அண்ணே."

"வரட்டும். எனக்குச் சோறு நீ போடு" என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்டினான்.

முதல் வசந்தத்தில் பதினாலு பேர் சேர்ந்தார்கள். பள்ளி வாத்தியார் இருந்தார், பல் டாக்டர் இருந்தார், லிஸ்பனிலிருந்து பேருந்து பிடித்து வந்த ஒரு ஜோடி இருந்தது. நகராட்சி நீச்சல் குளத்தில் பிளாஸ்டிக் புல்லைப் போட்டு, கம்பியில் பழுப்புக் கம்பளி நூல் சுற்றிச் செய்த பொம்மைக் கடல்குதிரைகளை அதற்குள் ஒளித்து வைப்பாள். பத்தில் எட்டைக் கண்டுபிடிக்காதவரைக் காயலில் இறக்க மாட்டாள். துடுப்புக் காலை உதைத்துச் சேற்றைக் கிளப்பினால் மண்டையில் ஒரு குட்டு விழும். பல் டாக்டருக்கும் விழுந்தது.

"வயித்துல பை இருந்தா அது ஆம்பள. அவன்தான் புள்ள சுமக்கறவன்" என்பாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஒன்னு இருந்திருந்தா நான் மூணு பெத்திருக்க மாட்டேன்."

வேலை எளிதுதான். தண்ணீர் ஏறாமலும் இறங்காமலும் நிற்கிற அரை மணி நேரத்தில் இரண்டிரண்டு பேராக இறங்க வேண்டும். முப்பது மீட்டர் நாடாவைப் புல்லின் மேல் விரித்து, இரு பக்கமும் ஒரு மீட்டர் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கண்டதைக் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்து, கரையேறியதும் தாளில் எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுமே காணாவிட்டாலும் சைபர் என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கடைசி விதியில்தான் எங்கள் ஊரின் தலையெழுத்தே இருந்தது.

முதல் முக்குளிப்பில் யாருக்கும் ஒன்றும் தென்படவில்லை. நடுங்கிக்கொண்டு கரையேறினார்கள், முகம் தொங்கிப் போயிருந்தது. மறுவாரம் வந்தவர்கள் ஐந்தே பேர். ஆளில்லாமல் எண்ணுவது எப்படி? கிராசியேத் ஒரு வழி கண்டாள். புல்வெளிக்குத் தெற்கே பழைய படகுத்துறையின் தூண்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றில் ஏழெட்டுக் கடல்குதிரைகள் வாலைச் சுற்றிக்கொண்டு எந்நேரமும் இருக்கும். நாடா வேலை முடிந்ததும் எல்லோரையும் அங்கே கூட்டிப்போய்க் காட்டினாள். தண்ணீருக்கடியில் வாத்தியார் அழுதாராம், முகமூடிக்குள் கண்ணீர் நின்றதாம். வராமல் போனவர்களும் செய்தி கேட்டுத் திரும்பி வந்தார்கள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கடல்குதிரையைப் பார்க்காமல் யாரும் கரையேறக் கூடாது. தூணடியில் பார்த்ததை அவர்கள் ஆசையாகத் தாளில் எழுதினார்கள், இவளும் தடுக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தெல்ஃபிம் மட்டும் முதல் வருஷம் ஒரு நாள் பலகையைக் காட்டிக் கேட்டான்.

"அக்கா, இன்னிக்கு நாடாவுல சைபர். அதுக்குத் தனித் தாள் போடவா?"

"அட விடுப்பா, வெறுந்தாளை அனுப்பி என்னத்துக்கு? அவங்க நம்மள கண்ணு தெரியாதவங்கன்னு நெனைப்பாங்க. அழிச்சுடு. தூணடியில ஏழு பாத்தல்ல, அதப் போடு."

அவன் கட்டைவிரலால் சைபரைத் தேய்த்து அழித்தான். மற்றவர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள். மூன்று வருஷம்.

கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, அதுதான் எனக்கு வயிறெரிகிறது. ஒரு திருடன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

மூன்றாம் வருஷத்துச் சனவரியில் தெல்ஃபிம் ஒரு கோப்போடு அவள் வீட்டுக்கு ஓடி வந்தான். பிப்ரவரியில் நகராட்சி மண்டபத்தில் விசாரணை, அதற்காக எல்லாத் தாளின் நகலையும் சேர்த்துக் கணக்குக் கூட்டியிருந்தான்.

"பாருங்கக்கா. மொத வருஷம் முன்னூத்திப் பத்து, ரெண்டாவது முன்னூத்தி நாலு, இப்ப முன்னூத்திப் பதினாறு. கொறையவே இல்ல! நம்ம ஆளுங்க கலக்கிட்டாங்க."

கிராசியேத் கோப்பை வாங்கிப் புரட்டினாள். தாளுக்குத் தாள் தூணடி, தூணடி, தூணடி. ஒன்றில் "மூக்கு நுனி உடைந்தது" என்று யாரோ குறித்திருந்தார்கள். அதே மூக்கு அடுத்த தாளிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். ஏழெட்டுப் பிராணிகளை வருஷத்துக்கு நாற்பது தடவை எண்ணியிருக்கிறார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா? மேலுக்கு முடியலையா?"

"நான் கெடுத்துட்டேன் தெல்ஃபிம். குடியைக் கெடுத்துட்டேன்."

விசாரணையன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் படகுக்காரர்கள், மறுபக்கம் தன்னார்வலர்கள். எண்ணிக்கை சரியவில்லை என்று விசாரிக்க வந்த அரசு அதிகாரி அம்மாள் வாசித்ததும் தன்னார்வலர்களே கைதட்டினார்கள், பாவிகள். கிராசியேத் எழுந்து நின்றாள். தூணடி வழக்கத்தை ஒளிக்காமல் சொன்னாள். கைதட்டிய கைகள் மடியில் இறங்கின. பல் டாக்டர், "எங்க கையெழுத்து இருக்கே அதுல! எங்களைப் பொய்யனுங்களாக்கிட்டியே" என்று கத்தினார்.

அதிகாரி அம்மாள் கெட்டவள் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"தூணடியை விட்டுடுங்க. இந்த வருஷம் புல்வெளியில எத்தனை பாத்தீங்கம்மா?"

"ஒன்னுகூட இல்ல."

"மொத வருஷம்?"

"நாலு பாத்திருப்போம். இல்ல, அஞ்சு."

"ஒன்னும் காணாத நாளுக்கெல்லாம் தாள் இருக்கா?"

"இல்ல. நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"வேற யாராவது சாட்சி சொல்வாங்களா? வலை போட்டவங்க யாராவது?"

கிராசியேத் படகுக்காரர்கள் பக்கம் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். குஸ்தோதியோ தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவன் இருமினான். அதிகாரி அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

தாள்கள் எல்லாம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கணக்கே இல்லாதபோது சரிவுக்கு ஆதாரம் ஏது? தடை தானாக முடிந்தது.

ஏப்ரல் முதல் வாரம் படகுகள் புல்வெளிக்குப் போயின. மூன்றாம் நாள் குஸ்தோதியோ தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. அவனுடைய காலணியில் பிய்ந்த புல் ஒட்டியிருந்தது.

"மூணு நாளா இழுத்தேன் தாயி. புல்லு கட்டுக் கட்டா வருது. கடல்குதிரை ஒன்னுகூட இல்ல. நீ சொன்னதுதான் நெசம்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றான் அவன். "திட்டு. நாலு வார்த்தை திட்டிடு, கேட்டுட்டுப் போறேன்."

திட்டுவதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒரு நாள்தான். இவள் பதினாலு பேர் வாயை மூன்று வருஷம் மூடி வைத்திருந்தாள்.