வன்னாஸாவின் கூடை எண்

பாலைவன ஊரான தோஸரில் பேரீச்சம்பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் வன்னாஸா. புருஷனை இழந்தவள். எங்களில் தங்குதடையில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பழைய நாவல் ஒன்றைத் தினமும் சத்தமாக வாசிப்பாள். அவள் கூலி குறையக்கூடாதே என்று நாங்கள் ஆளுக்கு ஒரு கை பழம் அவள் கூடையிலும் போட்டுவிடுவோம். ஒவ்வொரு பழத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். புழு இருந்தால் உள்ளே கறுப்பாகத் தெரியும்.

கதாநாயகி தங்கையின் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நிச்சயமான கல்யாணத்தையும் இழந்து நின்ற அன்று எனக்கு அழுகை நிற்கவில்லை. எதிரே இருந்த நஃபீஸாவுக்குத்தான் எரிச்சல்.

"வாயிருந்தும் ஊமையா நிக்கிறவள எதுக்குடி மெச்சுறீங்க?"

வன்னாஸா புத்தகத்தை மூடினாள். "மெச்சணும்னு அவ நிக்கல. தங்கச்சி தாங்கமாட்டான்னு தெரியும், அவ்வளவுதான்."

பத்து நாளில், வாங்கியவர்களிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. புழு. சீட்டில் வன்னாஸாவின் கூடை எண். மேற்பார்வையாளர் சீ மொக்தார் (எங்கள் ஊரில் 'சீ' என்றால் 'ஐயா') யார் வேலை இது என்று கேட்டார். எல்லாரும் குனிந்துகொண்டோம். அன்று கதை கேட்டு அழுதுகொண்டே, பழத்தைப் பார்க்காமல் அவள் கூடையில் போட்டவள் நான். அந்த மாதம் எனக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை.

என் கூடை, என் தப்பு என்றாள் வன்னாஸா. அவளைப் பழம் கழுவும் முற்றத்துக்கு அனுப்பிவிட்டார். டிசம்பர் மாதத் தண்ணீர், கூலியும் குறைவு.

மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தாலும் அல்லாஹ்விடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை. நான்காம் நாள் மதியம் ரொட்டியோடு முற்றத்துக்குப் போனேன். அவள் விரல்கள் வெடித்திருந்தன.

"வன்னாஸாக்கா, அது நான் போட்ட பழம்."

"தெரியும். மூக்க உறிஞ்சிக்கிட்டே போட்டியே, பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"உனக்கு எச்சரிக்கை இருக்கு, எனக்கு இல்ல. ரொட்டியக் குடு, பசிக்குது."

சாப்பிட்டு முடித்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு சீ மொக்தாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பெட்டியின் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, அழுகிறவளுக்கு வெளிச்சமும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம் என்றார். வேலையை எடுக்கவில்லை. சீசன் முடியும்வரை முற்றம் எனக்கு, ஜன்னலோரத்துத் தரம் பிரிக்கும் மேசை அவளுக்கு.

வன்னாஸா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எந்தக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும் என்று காட்டிவிட்டு உள்ளே போனாள்.