நாளைக்கு டீச்சர்

நாவலப்பிட்டி பஸ் நிலையத்துச் சுவரில் தங்கேஸ்வரி டீச்சரின் படத்தைக் கண்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆசிரியர்களின் முகம் சுவரில் ஏறுவது டியூஷன் வகுப்புக்குத்தான். ஓய்வு பெற்ற பிறகும் மனுஷி சும்மா இருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் வெற்றிலை விற்ற பெண்ணிடம், "எத்தனையாம் வகுப்புக்கும்மா?" என்று கேட்டேன்.

"வகுப்பா? அவங்க செத்துப் போயிட்டாங்க தாத்தா. இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்கிறாங்களாம், கண்டியில."

அப்படியே கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இந்த நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்ல, டீச்சருடைய மகள் எழுதுகிறார். நல்லதை மட்டும் சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

கண்டிக்குக் கிழக்கே மலையை வெட்டிக் கட்டிய தமிழ்ப் பாடசாலை ஒன்றில் நான் கேட்டைக் காக்கும் வாட்சராக இருந்தேன். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான உப அதிபராக டீச்சர் அங்கே வந்தார். பிந்தி வரும் பிள்ளைகளைக் கேட்டடியில் சரளைக்கல்லில் முழங்காலில் வைப்பது எங்கள் வழக்கம். அவர் வந்த முதல் நாள், அவருக்குக் காட்டவென்றே பதினொரு பிள்ளைகளை வரிசையாக வைத்திருந்தேன்.

"என்ன மாரிமுத்தண்ணே, பூசை ஏதும் நடக்குதா?" என்று கேட்டார். "எழுப்பி விடுங்க. மொதல்ல காலக் கழுவச் சொல்லுங்க."

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் குற்றத்துக்கும் அன்றைக்கே தண்டனை கிடையாது. மறுநாள் காலை, கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பார். "இன்னைக்கு அடிச்சா நம்ம கோவத்துக்கு அடிக்கிறோம். ஒரு ராத்திரி போனா, புள்ள ஏன் செஞ்சிச்சுன்னு அதுவே சொல்லிரும்" என்பார்.

ஆசிரியர்கள் அவருக்கு 'நாளைக்கு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். "கொலை பண்ணினவன் வந்தாலும் நாளைக்கு வான்னுதான் சொல்லுவாங்க" என்றார் விஞ்ஞான சேர். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

அவர் தண்டனையே கொடுக்கவில்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். ஒரு பையன் கதிரையைத் தூக்கி ஜன்னலுக்கு எறிந்தான். மறுநாள் விசாரித்ததில், முதல் நாள்தான் அவனுடைய அப்பா அவன் கண்முன்னால் அம்மாவின் கையை முறித்திருக்கிறார் என்று தெரிந்தது. டீச்சர் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஆனாலும் உடைந்த கண்ணாடியை அந்தப் பையன்தான், தச்சனோடு நின்று, தன் கையால் போட வேண்டியிருந்தது.

பிறகு செல்வராணி வந்தாள். ஹுன்னஸ்கிரிய பக்கத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்தை மூடியபோது, அவள் தண்ணீர்க் குழாயடியில் இருந்திருக்கிறாள். அம்மாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். தம்பியை எடுக்கவேயில்லை. சித்தி வீட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் போதும், அவள் எழுந்து ஓடி மைதானத்தின் நடுவில் போய் நிற்பாள். பிடித்து இழுத்த ஒரு டீச்சரின் கையைக் கடித்துவிட்டாள். விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடுவதென்று கூட்டம் போட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டு போனபோது சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஒரு புள்ளைக்காகச் சட்டத்த மாத்த ஏலாது, மிஸ்," என்றார் விஞ்ஞான சேர்.

"அந்த மண்ணு ஒங்க அம்மா மேல விழுந்திருந்தா, நீங்க அதுக்குக் கீழ இருந்து பாடம் படிப்பீங்களா சேர்?"

கடைசியில் டீச்சர் வென்றார். மழை வந்தால் செல்வராணி புத்தகத்தோடு கேட்டடியில் என் காவல் கூட்டுக்கு வரலாம். மழை விட்டதும் வகுப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வந்து உட்கார்ந்ததும், "கேட்டப் பூட்டலயே தாத்தா?" என்று கேட்பாள். "பூட்டல, நீ படி" என்பேன். மூன்று மாதம் அவள் ஒருவரையும் கடிக்கவில்லை.

ஒரு நாள் டீச்சர் வலயக் கல்விப் பணிமனைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மழை பிடித்தது. பிள்ளை வந்தாள். பின்னாலேயே விஞ்ஞான சேர் குடையோடு வந்தார். "ஒனக்குச் சம்பளம் புள்ள பாக்கவா? கொண்டு போய் உள்ளுக்கு விடு. இல்லன்னா நீ வீட்டுக்குப் போ."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் கடிக்கவில்லை. "தாத்தா, தாத்தா" என்றாள். வகுப்புக்குள் தள்ளி, கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டேன். மழை விட ஒரு மணித்தியாலம் ஆனது. முதலில் அலறல் கேட்டது. பிறகு மற்றப் பிள்ளைகளின் சிரிப்புக் கேட்டது. திறந்தபோது, அவள் நின்ற இடத்திலேயே சிறுநீர் போயிருந்தாள். என்னைத் தாண்டிக் கேட்டுக்கு வெளியே நடந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

மறுநாள் டீச்சர் கேட்டார்: "கதவ யாருண்ணே புடிச்சது?"

"நான்தான் டீச்சர்."

"நாளைக்குப் பேசுவோம்."

அடுத்த நாள் பிள்ளைகளை விசாரிப்பது போலவே கதவைச் சாத்திவிட்டு, ஏன் என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றேன். "பயந்தேன்னு சொல்றதுக்கு ஒங்களுக்கு ஒரு நாள் குடுத்தேன். அவளுக்கு நீங்க ஒரு நிமிசம் குடுக்கல," என்றார். "அவ முகத்தப் பாத்து மன்னிப்புக் கேளுங்க. அதுதான் ஒங்களுக்குத் தண்டன."

சித்தி வீட்டுக்குப் போனோம். "பள்ளிக்கூடத்துல அசிங்கப்படுறதவிடச் சோறு கெடைக்கிற எடத்துல இருக்கட்டும்," என்றாள் சித்தி. பதினாலு வயதுப் பிள்ளையைப் பிலிமத்தலாவையில் ஒரு கடைக்காரர் வீட்டுக்குக் கைக்குழந்தை பார்க்க அனுப்பிவிட்டிருந்தாள்.

உடனே பஸ் ஏறினோம். செல்வராணி இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். டீச்சரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உடுப்ப எடுத்துக்கிட்டு வாம்மா. நான் இங்கயே நிக்கிறேன்."

"இந்தா வாறேன் டீச்சர்," என்று திரும்பினாள்.

அப்போது நான் டீச்சரின் பின்னாலிருந்து முன்னுக்கு வந்து, "அம்மா, மன்னிச்சிரு" என்றேன். என்னைப் பார்த்தாள். உள்ளே ஓடினாள். தாழ்ப்பாள் விழுந்தது. டீச்சர் எவ்வளவோ கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளோடு டீச்சர் திரும்பிப் போனபோது, பிள்ளை அங்கே இல்லை. சித்தி கூட்டிப் போனாள் என்றார் வீட்டுக்காரர். தான் அங்கே போகவேயில்லை என்றாள் சித்தி. கொழும்பு என்றார்கள், பிறகு புத்தளம் என்றார்கள். லீவு கிடைத்த நாளெல்லாம் டீச்சர் தேடிப் போனார். கிடைக்கவில்லை.

அன்றைக்குப் பிலிமத்தலாவையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னது ஒரு சொல்லும் மறக்கவில்லை. "ஒங்களத் திருத்தப் போயி அவள விட்டுட்டேண்ணே. ஒங்கள நான் கூட்டிக்கிட்டு வந்திருக்கக் கூடாது." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகும் அவர் என்னோடு மரியாதையாகவே பேசினார்.

செத்த வீட்டில் கூட்டம். மகள் என்னைக் கண்டு, "உள்ள வந்து அம்மா முகத்தப் பாருங்க மாமா," என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. செல்வராணிக்கு இப்போது இருபத்தைந்து வயது இருக்கும். எங்கேயாவது உயிரோடு இருந்தால், எப்படியாவது கேள்விப்பட்டிருந்தால், இன்றைக்கு வரக்கூடும். வாசலில் என்னைக் கண்டு திரும்பிவிடக் கூடாது.

தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற லொறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த வயதில் எத்தனையோ பெண்கள் உள்ளே போய் வந்தார்கள். ஒருத்தியையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். மறைந்து நின்றபடியே கும்பிட்டேன்.

போய் வாங்க டீச்சர். இந்தத் தடவை நான் பின்னால் வரவில்லை.